ரிவர்ஸ் கிடையாது

சட்டகம் வந்தது தரங்கம்பாடிப் பக்கம் மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து.
நான்கு தடித்த சக்கரம், மஞ்சள் மட்கார்டு,
எஞ்சின் இருந்த இடத்தில் ஏதோ கோழி அடைகாத்த தடம்.

எஞ்சின் வேறு ஊர்.
கொள்ளிடக் கரையில் மணல் மூட்டையோடு பிடிபட்டு
ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் மூன்று மழைக்காலம் நின்று
ஏலத்தில் எடைக்கு வந்த பல்சரின் வயிற்றில் கிடந்தது.

இரண்டையும் ஒன்றாக்கித் தரணும் என்றார்
எடமணல் குஞ்சிதபாதம்.
டிராக்டர் இறங்கினால் புதைகிற நிலம் அவருக்கு.
நாற்றுக்கட்டு சுமக்க ஆள் தேடினால்
எல்லோரும் திருப்பூரில் இருக்கிறார்கள்.
"தை வரைக்கும் ஓடினாப் போதும்."
எந்தத் தை என்று சொல்லவில்லை.

ஆயிலை வடித்தோம்.
கறுப்பு இறங்கியது, பிறகு சாம்பல்,
பிறகு தட்டின் அடியில் ஒரு சிட்டிகை மணல்.
சம்மனசு விரலில் தேய்த்துப் பார்த்து
"ஆத்து மணல்" என்றாள்.
பின் ஆக்சில் பேரிங்கைக் கழற்றினால்
கொட்டியது வேறு நிறம், சிப்பித்துணுக்கு மினுங்க.
நாக்கு நுனியில் வைத்துத் துப்பினாள்.
இரண்டையும் ஒரே தகரத்தில் கூட்டி அள்ளினேன்.
ஆறு கடல் வரைக்கும் போய்ச் சேராத வருஷம் அது.
டீ வந்தது, குடித்தோம்.

இனி அளவு.
கீழே செங்கல், செங்கல்மேல் சைக்கிள் டியூப்,
அதன்மேல் எஞ்சின்.
மயிரிழை இடது, மயிரிழை மேலே,
ஸ்ரீபாதம் தாங்கிகள்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.
முன் பல்லிலிருந்து பின் பல்லுக்கு நூல் பிடித்தால்
அரை விரல் கோணல்.
அரை விரல் போதும்,
நாற்பதாவது கிலோமீட்டரில் செயின் அறுந்து
கணுக்காலைத் தேடி வரும்.
லேத்தில் ஒரு வளையம் கடைந்தேன், பத்து மில்லி.
தப்பு.
பதினொன்று.
அதுவும் தப்புத்தான், செயின் மன்னிக்கிற தப்பு.

சம்மனசு பற்றவைக்கும்போது நான் பேசமாட்டேன்.
இந்தப் பக்கம் ஒரு அங்குலம், நிறுத்தி
எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம்,
சூட்டில் குழாய் இழுத்துக்கொள்ளாதபடிக்கு.
எட்டு மில்லி தகடு, முன்பு ஏதோ ரைஸ்மில்லின் எடைமேடை.
அதில் இன்னும் யாரோ கீறிய கணக்கு:
முப்பத்தேழு மூட்டை, பாக்கி இரண்டு.

பதினேழாவது உதையில் பிடித்தது.
எதிர்க்கடை ஃபைனான்ஸ்காரர் புகைக்குப் பயந்து
ஷட்டரை இறக்கினார்.
குஞ்சிதபாதம் வேட்டியை மடித்துக் கட்டி ஏறி
சுவர் வரைக்கும் ஓட்டிப் போனார்.
நின்றார்.
காலால் எதையோ துழாவினார்.
"ரிவர்ஸ் எங்க தம்பி?"

பைக் எஞ்சினுக்கு ரிவர்ஸ் கிடையாதுங்க.

"எங்க வாய்க்கா கரை நாலடி. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் பயிரு.
போறது சரி, வர்றது?"

தனிப் பெட்டி வைக்கலாம், ஒன்பதாயிரம் ஆகும் என்றேன்.
அவர் ஷெட்டின் கூரையைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
அங்கே ஒன்றும் இல்லை.

சம்மனசு சாக்பீஸால் தரையில் ஒரு வட்டம் போட்டாள்.
மறுநாள் பழைய லாரி ஜாக்கி ஒன்றை
வண்டியின் நடுவயிற்றில் தலைகீழாகப் பொருத்தி
அடியில் அம்பாசிடர் ஹப் பேரிங்கோடு ஒரு தட்டு வைத்தாள்.
பன்னிரண்டு சுற்று.
நான்கு சக்கரமும் தரையை விட்டன.
ஒற்றை விரலால் தள்ளினாள்.
ஹெட்லைட் லேத்தைத் தடவி, காலண்டரைத் தடவி,
குஞ்சிதபாதத்தின் திறந்த வாயைத் தடவி
வந்த வழியைப் பார்த்து நின்றது.
"நாத்த இறக்கிட்டுத் திருப்புங்க,
பாரத்தோட திருப்பினா குடை சாஞ்சிரும்."
அவ்வளவுதான் பேசினாள்.
கூலியை எண்ணி வாங்கிக்கொண்டாள்.

கார்த்திகையில் போன் வந்தது.
வண்டி ஓடுது, சூடேறுது,
ஆற வச்சா மறுபடி ஓடுது.
"சாயங்காலம் ஆனா புள்ளைங்க அதத் தூக்கி நிறுத்தி
ராட்டினம் சுத்துதுங்க தம்பி. பேரிங்கு தாங்குமா?"

கிரீஸ் வையுங்க, மணல் மட்டும் படாம பாத்துக்குங்க என்றேன்.
எந்த ஊர்க்காரரிடம் சொன்னோம் என்று
வைத்த பிறகுதான் உறைத்தது.